படத்தைக் கேட்காதீர்கள், கணக்கைக் கேளுங்கள்

வன்னியில் ஓர் உதவி வழங்கும் நிகழ்வு எப்படி நடக்கும் என்பதைக் கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ நெடுங்கேணியிலோ யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஒன்பது மணி நிகழ்வுக்கு எட்டு மணிக்கே பயனாளிகள் வந்துவிட வேண்டும். பிரதம விருந்தினர் பத்தரைக்கு வருவார். பொதுநோக்கு மண்டபத்தில் முன்வரிசைக் கதிரைகளுக்கு மட்டும் துணி விரித்திருக்கும். அவை பேச வருகிறவர்களுக்கு. மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை. நிதி தந்தவருக்கு மாலையும் பொன்னாடையும். அவர் வெளிநாட்டிலிருந்து வர முடியாதுபோனால் ஊரில் இருக்கும் தமையனுக்கோ மாமனாருக்கோ அது போய்ச் சேரும். எல்லாம் முடிந்த பிறகுதான் பொதி. அதுவும் உடனே கைக்கு வராது. கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் மறுபக்கம், நடுவில் அரிசிப் பை, பின்னால் பதாகை. "அம்மா, கொஞ்சம் இஞ்சாலப் பாருங்கோ. பையை விடாதேங்கோ, இன்னும் எடுக்கேல்லை." அவர் பார்க்கிறார். பையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அன்று பின்னேரமே அந்த முகம் லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் உள்ள கைபேசிகளுக்குப் போய்விடுகிறது, பல வேளைகளில் பெயரோடும் கிராமத்தோடும், கணவனை இழந்தவர் என்ற குறிப்போடும்.

கொடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டாமா என்று கேட்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும். நன்றி மறப்பவர்களுக்காக வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. ஆனால் கொடையாளருக்கு நன்றிக்கடன் பட்டிருப்பது யார்? அவருடைய பணத்தைத் தன் பெயரில் வரவு வைத்து, தன் கடிதத் தலைப்பில் பற்றுச்சீட்டு எழுதி, தன் முடிவின்படி செலவு செய்த நிறுவனம். அந்த நிறுவனம் தன் கடனைத் தானே அடைக்காமல், வரிசையில் நிற்கும் பெண்ணின் முகத்தை எடுத்துக் கொடுத்து அடைக்கிறது. இதை அணுகுமுறைக் குறை என்றோ பழக்க தோஷம் என்றோ மெழுகிச் சொல்ல வேண்டியதில்லை. பிறருடைய உடைமையை எடுத்துத் தன் கடனைத் தீர்ப்பவருக்கு ஊரில் என்ன பெயரோ அதே பெயர்தான் இதற்கும்.

கொடையாளர்கள் மீது நமக்குக் கோபம் இல்லை. இவர்களில் பலர் பெரும் பணக்காரர்களும் அல்லர். ஸ்காபரோவில் இரவு வேலையும் பகல் வேலையும் செய்பவர், லண்டனில் எரிபொருள் நிலையத்தில் நிற்பவர், சூரிச்சில் உணவகச் சமையலறையில் பாத்திரத்தோடு மாரடிப்பவர், இவர்கள் மாதாமாதம் எடுத்து வைத்த காசு சேர்ந்துதான் பல இடங்களில் கிணறாகவும் வகுப்பறையாகவும் ஆகியிருக்கிறது. தனியொருவராக இருபது வீடு, ஒரு மருத்துவக் கட்டடம் என்று கொடுக்கும் வர்த்தகர்களும் மருத்துவர்களும் உண்டு. சிறிதோ பெரிதோ, அவர்கள் கேட்க உரிமையுள்ள கேள்வி ஒன்றுதான்: நான் கொடுத்தது என்ன ஆயிற்று? அதற்குப் பதிலாக அவர்களுக்கு ஒரு படம் அனுப்பப்படுகிறது. ஆடு கைமாறிய நாளில் எடுத்த படம் அது. அந்த ஆடு மாரிக்குத் தப்பியதா, குட்டி போட்டதா, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்காக நாலு மாதத்தில் விற்கப்பட்டதா என்பதைப் படம் சொல்லாது. பூநகரிப் பக்கத்தில் தோண்டிய கிணறு உவராகிப்போனதையும், நெடுங்கேணிப் பக்கத்தில் நட்ட தென்னம்பிள்ளைகளை யானை பிடுங்கியதையும் சொல்லாது. தையல் இயந்திரம் வாங்கியவர் தைத்துக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லாமல் அதை மூடி வைத்திருப்பதையும் சொல்லாது. படம் அனுப்புகிற நிறுவனம் வாங்கியவரின் மானத்தைக் கெடுப்பதோடு கொடுத்தவரையும் ஏய்க்கிறது. இரு பக்கமும் நட்டப்பட, நடுவில் நிற்பவர் மட்டும் கைகழுவிவிட்டுப் போகிறார்.

இந்த வழக்கம் எப்படி வேர்பிடித்தது என்பதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவர்கள் பலமுறை ஏமாற்றப்பட்டார்கள். இல்லாத பிள்ளைகளின் பெயரில் காசு வாங்கியவர்கள் இருந்தார்கள். எனவே சான்று கேட்டார்கள். சான்றுகளிலேயே மிக மலிவானது படம். அதற்குக் கணக்காளர் வேண்டாம், ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்க்கும் வெளிக்கள உத்தியோகத்தர் வேண்டாம், தோல்வியை எழுதும் துணிச்சலும் வேண்டாம். கையில் கைபேசி இருந்தால் போதும். இப்படிப் பற்றுச்சீட்டின் இடத்துக்குப் படம் வந்தது. பிறகு படத்துக்காகவே நிகழ்வு என்றானது. அதற்கடுத்த படியில் யூடியூப் காணொளி வந்து நிற்கிறது. வீட்டுக்குள் நுழைந்து, கிழிந்த பாயையும் வெறும் பானையையும் காட்டி, அழும்வரை கேள்வி கேட்டு, பார்ப்பவரிடம் நிதி திரட்டுகிறார்கள். 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில், உதவி கொடுக்கப்போன இடத்தில் ஓர் இளம்பெண்ணை அவமதித்துக் காணொளி வெளியிட்டதாக எழுந்த குற்றச்சாட்டில் ஒரு யூடியூபர் கைதானார். அப்போது ஊரே கொதித்தது. கொதித்தவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் வந்த காணொளிகளை இரக்கத்தோடு பகிர்ந்தவர்கள் என்று நாம் கேட்கவேண்டியிருக்கிறது. அவர் எல்லையைத் தாண்டினார் என்றார்கள். அவர் நடந்த பாதையைப் பதாகைகளும் பொன்னாடைகளும் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தன.

பெருங்கொடை என்று வரும்போது இந்த நோய் பெரிய உருவம் எடுக்கிறது. 2017 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். லைக்கா நிறுவனத்தின் தலைவர் சுபாஸ்கரன் அல்லிராஜா முல்லைத்தீவு மண்ணில் பிறந்தவர். தாயாரின் பெயரால் அமைந்த ஞானம் அறக்கட்டளை வவுனியா மாவட்டத்தின் சின்ன அடம்பனில் 150 வீடுகளைக் கட்டியிருந்தது. அவற்றைக் கையளிக்க ஏப்ரலில் நடிகர் ரஜினிகாந்த் வருவார் என்று அறிவித்தார்கள். அவர் நடித்துக்கொண்டிருந்த '2.0' படத்தைத் தயாரித்ததும் லைக்காதான். தமிழ்நாட்டில் திருமாவளவன், வைகோ, வேல்முருகன் ஆகியோர் போகக் கூடாது என்றார்கள். மார்ச் 25இல் ரஜினி பயணத்தைக் கைவிட்டு நீண்ட அறிக்கை ஒன்று வெளியிட்டார். அவர் வந்திருக்க வேண்டும் என்று இங்கேயும், வராதது நல்லது என்று அங்கேயும் பல நாள் வாதம் நடந்தது. அவர் வராமலே வீடுகள் பிறகு கையளிக்கப்பட்டன.

வீடு கட்டிக் கொடுத்தது நல்ல காரியம். அதில் நமக்கு மறுப்பில்லை. தாயின் பெயரை அறக்கட்டளைக்கு வைப்பது எந்தத் தமிழனுக்கும் புரியக்கூடிய ஆசை. ஆனால் அந்த வாதத்தைத் திரும்பிப் பார்த்தால் இரு தரப்பும் மேடையில் யார் நிற்பது என்பதைப் பற்றியே பேசியிருப்பது தெரியும். இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, காணி துப்புரவாக்கி, தறப்பாள் கொட்டிலில் இருந்து அந்தச் சுவருக்குள் போன 150 குடும்பங்கள் வாதத்தின் பின்திரையாக நின்றன. வீட்டுத் திறப்பை வாங்க ஒரு நட்சத்திரத்தின் கை வேண்டுமா என்று அவர்களிடம் கேட்டவர் யாரையும் நாம் காணவில்லை. கேட்டிருந்தால், சிலர் ரஜினியைப் பார்க்க ஆசை என்றே சொல்லியிருப்பார்கள், அதிலும் தப்பில்லை. கேட்கப்படவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

இப்போது கணக்குக்கு வருவோம். இங்குதான் விசயம் சிக்கலானது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் பிடிபடாதது.

கணக்குக் காட்டு என்ற குரலை வன்னி மக்கள் அன்பான வாயிலிருந்து கேட்டதில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் முல்லைத்தீவு நகரை வாரிக்கொண்டு போனபின் உலகெங்கும் இருந்து பணம் வந்தது. அதைப் பகிர்ந்துகொள்ள 2005 ஜூனில் ஒப்பமிட்ட பொதுக்கட்டமைப்பை அடுத்த மாதமே உயர்நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை முடக்கியது. கிளிநொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2006இல் மத்திய வங்கி முடக்கியது. 2007 நவம்பரில் அமெரிக்காவும் இலங்கையும் அதைத் தடை செய்தன. 2008 செப்டெம்பரில் அரசு உத்தரவிட, ஐ.நா. அலுவலர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். போகவேண்டாம் என்று மக்கள் அவர்களுடைய வாசலில் நின்று கெஞ்சினார்கள். போர் முடிந்தபின் ஜனாதிபதி செயலணியின் அனுமதி இல்லாமல் ஒரு மலசலகூடம்கூடக் கட்ட முடியாத காலம் இருந்தது. ஐந்து பேருக்குத் துவிச்சக்கரவண்டி கொடுத்தாலும் பயங்கரவாத விசாரணைப் பிரிவினர் வந்து, காசு அனுப்பியது யார் என்று கேட்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் கொடையாளரின் பெயரை மறைப்பதும் கணக்கை வெளியில் வைக்காததும் உயிர்காக்கும் எச்சரிக்கையாக இருந்தது. அதை நாம் குறை சொல்லவில்லை.

போர் முடியுமுன் இருந்த காலத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மக்கள் கணக்குக் கேட்கும் இடத்தில் அப்போதும் இருக்கவில்லை. கொடுப்பது கடமை எனப்பட்டது. கேட்பவர் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார். ஆக, ஒரு தலைமுறை முழுவதும் கணக்கு என்பதை அதிகாரத்தின் மிரட்டலாகவே அறிந்து வளர்ந்தது. அந்த அச்சத்தின் மறைவில் சோம்பலும் குடிபுகுந்தது, சில இடங்களில் திருட்டும். இன்று வரவு செலவைக் கேட்டால், எங்களை நம்பவில்லையா, நீங்கள் யாருடைய ஆள் என்று பாய்கிறவர்கள் இருக்கிறார்கள். அச்சம் உண்மையாக இருந்த காலத்தின் மொழியை, அச்சம் குறைந்துவிட்ட காலத்தில் கேடயமாகப் பிடிப்பது அயோக்கியத்தனம். விசாரணைப் பிரிவுக்குப் பதில் சொல்வதும், பணம் தந்த உறவுக்கும் பணம் யார் பெயரில் வந்ததோ அந்தக் கிராமத்துக்கும் பதில் சொல்வதும் ஒன்றாகாது.

இவ்வளவுக்கும் கணக்குப் பார்க்கத் தெரியாத சமூகமா நாம்? கோயில் பரிபாலன சபையின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். கற்பூரச் செலவில் முந்நூறு ரூபா உதைத்தால் கதிரை பறக்கும். திருவிழா உபயகாரருக்குக் காளாஞ்சி கொடுத்து மரியாதை செய்வோம். அதே உபயகாரர் பொதுக்கூட்டத்தில் எழும்பி நின்று கணக்கும் கேட்பார். மரியாதையும் கணக்கும் அங்கே ஒன்றையொன்று முறைத்துக்கொள்வதில்லை. அம்மனைத் திருப்பி நிறுத்தி உபயகாரரோடு படம் எடுக்கும் வழக்கமும் நல்லவேளையாக இன்னும் வரவில்லை.

ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்க்கலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா. வெளிநாட்டிலிருந்து ஒருவர் மாதம் 100 டொலர் அனுப்பி ஐந்து பிள்ளைகளைப் படிப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு 4,000 ரூபா வந்த இடத்தில் மே மாதத்தில் 7,200 ரூபா வந்தது. அது பிள்ளையின் கைக்குப் போனதா? அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. கொப்பியும் சப்பாத்தும் தொட முடியாத விலைக்குப் போயின. பழைய 4,000 ரூபாவையே கொடுத்துவிட்டு மிச்சத்தை வைத்திருந்தால் அந்த மிச்சம் எங்கே? அலுவலக வாடகைக்கும் எரிபொருளுக்கும் போனது என்றால் அதுவும் நியாயமாக இருக்கலாம், எழுதித் தெரிவித்திருந்தால். ஐந்து பிள்ளைகள் புத்தகப்பையோடு சிரிக்கும் படத்தில் இந்த 16,000 ரூபா தெரியாது. பெருங்கொடைகளில் இதே வித்தியாசம் இலட்சங்களில் போகும். வன்னியில் இயங்கும் ஒவ்வொரு நிறுவனமும் 2022ஆம் ஆண்டின் நாணயமாற்று வித்தியாசத்தை எப்படிச் செலவு செய்தது என்று தன் கொடையாளர்களுக்கு ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பட்டும். நன்றிக் கடிதங்களிலேயே அதுதான் சிறந்த நன்றிக் கடிதமாக இருக்கும்.

முகத்தைக் காட்டாமல் பெரிய தொகையைக் கொண்டுசேர்க்க முடியும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்று இருக்கிறது. 2012 ஒக்டோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரும்பகுதியில் வடக்கிலும் கிழக்கிலும் 45,000 குடும்பங்களுக்குத் தலா 550,000 ரூபா வரை நேரே வங்கிக் கணக்குக்குப் போனது. வீட்டைக் கட்டியவர்கள் குடும்பத்தாரே. மேசனைப் பிடித்ததும் கல் அரிந்ததும் அவர்களே. அத்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டத்தையும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்தபின் அடுத்த தவணை விடுவிக்கப்பட்டது. சான்றாக நின்றது அத்திவாரம். கையேந்தி நிற்கும் ஆள் தேவைப்படவில்லை. அந்தத் திட்டத்துக்கும் குறை உண்டு, அதை மறைக்க வேண்டாம். சீமெந்தும் மணலும் விலையேற 550,000 போதவில்லை. நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் கூரை போட்டவர்கள் அநேகர். விழாக்களும் வேறாக நடந்தன. ஆனாலும் பணம் வந்த வழி கௌரவமான வழி. ஓர் அரசு 45,000 குடும்பங்களுக்குச் செய்ததை நாற்பது குடும்பங்களுக்கு உதவும் அறக்கட்டளை செய்ய முடியாது என்பதை நாம் ஏற்கமாட்டோம்.

உலக அளவிலும் இது புதிய யோசனை இல்லை. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994இல் வகுத்த பேரிடர் நிவாரண நடத்தைக் கோவையில் பத்து விதிகள் உண்டு. ஒன்பதாவது, உதவி பெறுவோர், நிதி தருவோர் இரு தரப்புக்கும் பொறுப்புக்கூற வேண்டும் என்கிறது. பத்தாவது, விளம்பரங்களிலும் தகவல்களிலும் பாதிக்கப்பட்டவரை மானமுள்ள மனிதராகவே காட்டவேண்டும் என்கிறது. வன்னியில் வேலை செய்த சர்வதேச நிறுவனங்கள் பல இதில் ஒப்பமிட்டவை. வாகனக் கதவில் ஒட்டும் இலட்சினைக்குக் கொடுத்த கவனத்தில் பாதியை இந்த இரண்டு விதிகளுக்குக் கொடுத்திருந்தால் உள்ளூர் நிறுவனங்கள் அவர்களிடம் வேறு பாடம் கற்றிருக்கும்.

பெருங்கொடையாளரைக் குளிர்விப்பதே வேலையாகிவிட்ட நிறுவனம் இன்னொரு தவறையும் செய்கிறது. அது கொடையாளரின் ஊருக்கே போகிறது. வெளிநாட்டில் பழைய மாணவர் சங்கக் கிளை உள்ள பாடசாலைக்கு இரண்டாவது திறன் வகுப்பறை வருகிறது. பக்கத்துப் பாடசாலையில் கூரைத்தகரம் ஒழுகுகிறது. சொந்த ஊருக்குச் செய்யவேண்டும் என்பது இயல்பான பாசம். அதைத் தட்டிக் கேட்காமல் தலையாட்டும் நிறுவனத்தைத்தான் நாம் கண்டிக்கிறோம். வெளிநாட்டில் ஆளில்லாத கிராமங்கள் வன்னியில் பல. அவற்றில் கணிசமானவை மலையகத்திலிருந்து கலவரங்களுக்குத் தப்பி வந்து குடியேறியவர்களின் ஊர்கள். காணிப் பத்திரம் இல்லாததால் வீட்டுத்திட்டப் பட்டியலில் பின்னுக்குப் போனவர்களும் அவர்களே.

அந்த மக்களை இங்கே குடியேற்ற எழுபதுகளின் பிற்பகுதியில் வவுனியாவில் உழைத்தது காந்தீயம் இயக்கம். கட்டடக் கலைஞர் டேவிட் வெளிநாட்டில் உழைத்த பணத்தை அதில் போட்டார். மருத்துவர் இராஜசுந்தரம் தன் தொழிலையும் நாளையும் போட்டார். வெளிநாட்டுக் கொடை நிறுவனங்களும் உதவின. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். தப்பிய டேவிட் பல ஆண்டுகள் தமிழ்நாட்டில் வாழ்ந்து, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். அவர்கள் தம் கொடையாளரின் ஊருக்கோ தம் சொந்த ஊருக்கோ செல்லாமல், யாருமற்றவர்கள் வந்து இறங்கிய இடத்துக்குப் போனார்கள். கொடையாளருக்கு எங்கே தேவை இருக்கிறது என்று எடுத்துச் சொல்வது நிறுவனத்தின் வேலை; நீங்கள் சொன்ன இடம்தான் சரி என்று தலையாட்டுவதற்கு நிறுவனம் எதற்கு?

இனிச் சிறுவர் இல்லங்கள். இதில் நாம் நீட்டிப் பேசப்போவதில்லை. வெளிநாட்டில் ஒரு பிள்ளைக்கு ஐந்து வயதாகிறது என்பதற்காக, இங்கே ஐம்பது பிள்ளைகள் கேக்குக்குப் பின்னால் நின்று, தாம் ஒருநாளும் காணாத பிள்ளைக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடிவிட்டுத்தான் சோறு தின்னவேண்டும் என்பது கொடுமை. அந்தப் பிள்ளைகளில் சிலருக்குத் தங்கள் பிறந்தநாளே சரியாகத் தெரியாது. ஒரு நேரச் சாப்பாடு கொடுங்கள். நாள்தோறும் கொடுத்தாலும் நல்லது. பாட்டும் படமும் வேண்டாம். வடமாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் இதை இல்லங்களுக்கான நிபந்தனையாகவே ஆக்கி, மீறுவோரின் பதிவைக் கேள்விக்குள்ளாக்க வேண்டும். பிள்ளையின் முகத்தைக் காட்டி வந்த செய்திக்குறிப்பைப் பத்திரிகைகளும் இணையத்தளங்களும் குப்பைக்கூடைக்கு அனுப்பவேண்டும்.

படம் போடாவிட்டால் காசு வராது என்பது இதற்கெல்லாம் சொல்லப்படும் கடைசிப் பதில். கொஞ்சம் குறையும், இல்லையென்று நாம் சொல்லவில்லை. அடுப்பு எரியாத வீட்டில் இருப்பவரிடம் இதைச் சொல்வது எளிதல்ல என்பதும் தெரியும். ஆனால் மானத்தையும் பணத்தையும் எதிரெதிரே வைத்தால் வன்னி மக்கள் எதை எடுப்பார்கள் என்று நிறுவனங்களுக்கு முன்பே ஒரு பதில் கிடைத்திருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றிலில் அமர்ந்தார்கள்; நாலு நாளில் வவுனியாவிலும் அமர்ந்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 2022 மார்ச்சில், ஒரு குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா என்று அரசு அறிவித்தது. பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு விலை வைக்காதே என்று அவர்கள் அதைத் தள்ளினார்கள். அந்தத் தாய்மாரில் பலர் அன்றாடங் காய்ச்சிகள். அவர்கள் மறுத்ததும் ஓர் உலர் உணவுப் பொதிக்காக நிற்கும் படமும் ஒரே ஊரின் இரண்டு பக்கங்கள். மறுக்க வாய்ப்புக் கிடைத்தால் பொதிக்காக நிற்கும் பெண்களும் வேண்டாம் என்பார்கள். வரிசையில் நிற்கிறவரிடம் படம் எடுக்கட்டுமா என்று கேட்பது சம்மதம் கேட்பதாகாது. பை கைக்கு வந்தபின், வீட்டுக்குப் போனபின், ஒரு கிழமை கழித்துக் கேளுங்கள். இல்லை என்று சொன்னாலும் பை பறிபோகாது என்பது அவருக்கு உறுதியாகத் தெரியும் நிலையில் கேளுங்கள்.

வாங்கியவருக்கு நன்றி சொல்லும் உரிமை இல்லையா? தாராளமாக உண்டு; அது அவருடைய உரிமை, நிறுவனத்தின் கையிருப்பு அல்ல. வீடு குடிபுகும்போது கொடையாளரை அழைக்கலாம், தொலைபேசியில் பேசலாம். அவர் ஊருக்கு வரும்போது இளநீர் வெட்டிக் கொடுத்து, திரும்பும்போது ஒரு போத்தல் தேனும் ஒடியல் மாவும் கட்டிக் கொடுத்துவிடலாம். வன்னியில் இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நிறுவனங்கள் செய்யவேண்டியது இதைவிடச் சிரமமானது. பணம் கிடைத்த கிழமையே பற்றுச்சீட்டோடு ஒரு கடிதம். ஓராண்டு கழித்து இன்னொன்று. அதில் தப்பிய ஆடுகளும் செத்த ஆடுகளும் எத்தனை, படிப்பை நிறுத்திய பிள்ளை ஏன் நிறுத்தினாள், நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு போனது என்பவை வேண்டும். நூறு டொலர் தந்தவருக்கும் நூறாயிரம் தந்தவருக்கும் அதே கணக்கு. அதன் பிரதியொன்று கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தின் அறிவித்தல் பலகையில், தொகைகளோடு, பெறுவோரின் பெயர்கள் இல்லாமல். சங்கக் கூட்டத்தில் கேள்வி வந்தால் பதில் சொல்ல நிறுவனத்தின் தலைவர் நேரில் வரவேண்டும். தோல்வியை எழுதினால் கொடையாளர் ஓடிவிடுவார் என்று அஞ்சுபவர்கள் தம் கொடையாளர்களைக் குழந்தைகளாக நினைக்கிறார்கள். பத்து ஆடுகளில் நாலு செத்தது என்று எழுதியவரை அடுத்த முறை நம்பலாம். பத்தும் பல்கிப் பெருகின என்று எழுதியவரை நம்ப முடியாது என்பது ஆடு வளர்த்த எவருக்கும் தெரியும்.

கொடையாளர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் பணத்தை வாங்கிய நிறுவனம் படம் அனுப்பினால், இது வேண்டாம், கணக்கை அனுப்புங்கள் என்று திருப்பி எழுதுங்கள். பெரிய தொகை கொடுப்பவர் ஒருவர் அப்படி எழுதினால் போதும், மறு மாதமே பதாகைக்குக் கொடுத்த கட்டளை இரத்தாகும். உங்கள் ஒரு வரிக்கு இருக்கும் பலம் எங்கள் பத்துத் தலையங்கங்களுக்கு இல்லை.

பெயர்ப்பலகைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். பாடசாலைக் கட்டடத்திலும் வைத்தியசாலை விடுதியிலும் கட்டியவரின் பெயர் இருக்கட்டும். அவை பொது இடங்கள், யாருக்கும் அதில் நோவில்லை. தனி வீட்டின் முன்சுவரில் இன்னாரின் நினைவாக இன்னாருக்கு வழங்கப்பட்டது என்று கல் பதிப்பதை உடனே நிறுத்தவேண்டும். மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் படலையைத் திறந்ததும் முதலில் வாசிப்பது அதைத்தான். ஏற்கெனவே பதித்த கல்லை வீட்டுக்காரர் கழற்றினாலோ அதன்மேல் சுண்ணாம்பு பூசினாலோ எந்த நிறுவனமும் வந்து ஏன் என்று கேட்கக் கூடாது. பயனாளி ஒப்பந்தத்தில் அந்தக் கல்லைக் காக்கவேண்டும் என்று நிபந்தனை எழுதி வைத்திருப்பவர்கள் அதை வெட்டிவிட்டு, வெட்டியதை வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவிக்கட்டும்.